தள்ளுவண்டி உணவும் கறிக்கடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவோர உணவுக் கடைக்காரர்களுக்குப் பதிவு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வண்டிக்காரர்கள் ஒரு பக்கம் கேட்கிறார்கள், அவர்களிடம் சாப்பிடுகிறவர்கள் மறுபக்கம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சொல்லியிருப்பது தமிழ்நாட்டு நடைமுறை.

தள்ளுவண்டியில இட்லி விக்கிறதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா சார்?

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு தள்ளுவண்டி, கூடை வியாபாரம், தற்காலிகக் கடை, சின்னப் பெட்டிக்கடை ஆகியவற்றுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011 ஒழுங்குமுறைகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களைச் சிறு வியாபாரி என்று வகுத்தன. அதற்கு மேல் போனால் உரிமம் என்றன. இந்த வரம்புகளை அவ்வப்போது திருத்துவார்கள். அதனால் விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் என்ன காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்க போகணும், எவ்வளவு செலவாகும்? புரோக்கர் 2,000 கேக்குறாரு.

புரோக்கர் வேண்டாம். போஸ்கோஸ் (FoSCoS) என்ற மத்திய அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், இல்லையென்றால் பக்கத்து இ-சேவை மையத்தில் செய்யலாம். ஒரு போட்டோ, ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை, கடை நிற்கும் இடத்தின் விவரம் இருந்தால் போதும். 2011 ஒழுங்குமுறைகள் வைத்த பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். 2,000 கேட்பவர் உங்கள் பயத்துக்கு விலை போடுகிறார்.

விண்ணப்பித்த 7 நாளுக்குள் அதிகாரி பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது நேரில் வந்து பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டும். நேரில் பார்ப்பதென்றால் 30 நாளுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். எதுவுமே வராவிட்டால் வியாபாரத்தைத் தொடங்கலாம் என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. இந்த வரி பல வண்டிக்காரர்களுக்குத் தெரிவதில்லை. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவு கிடைத்தால் 14 இலக்க எண் வரும். அந்தச் சான்றிதழை வண்டியில் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும்.

என்கிட்ட மாநகராட்சி கொடுத்த வியாபாரி அட்டை இருக்கு. அப்புறம் எதுக்கு இது வேற?

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். மாநகராட்சி அட்டை, நீங்கள் அந்தத் தெருவில் நின்று விற்கலாமா என்பதற்கு. உணவுப் பாதுகாப்புப் பதிவு, நீங்கள் விற்பதை ஒருவர் சாப்பிடலாமா என்பதற்கு.

முதலாவது 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் நகர விற்பனைக் குழு என்று ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை ஏற்கெனவே இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பதும் அந்தச் சட்டம்தான். இரண்டாவது, மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலரின் கீழ் உள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பார்ப்பது. 2011 ஒழுங்குமுறைகளின்படி ஒன்று கையில் இருப்பதால் மற்றதைத் தவிர்த்துவிட முடியாது. சாக்கடை, குப்பை, கொசு என்று வந்தால் உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளரும் வருவார். அவர் கையில் 1939-ஆம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது.

அதிகாரி வந்தா என்னத்தப் பாப்பாரு? எங்க அம்மாவுக்கு அதை நெனச்சாலே படபடப்பு.

அம்மாவிடம் சொல்லுங்கள், ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் தண்ணீர். குடிக்க, சமைக்க என்ன தண்ணீர், பாத்திரம் கழுவ என்ன தண்ணீர் என்று கேட்பார். என் அனுபவத்தில் முக்கால்வாசி வண்டிகளின் பலவீனம் அந்தக் கழுவும் தொட்டிதான். சாயங்காலம் ஊற்றின ஒரே தண்ணீர், எட்டு மணிக்கெல்லாம் மேலே எண்ணெய்ப் படலம் கட்டி, அடியில் சாதப் பருக்கை ஊறிக் கிடக்கும். நூறாவது தட்டும் அதில்தான் முங்கி எழும். வாழை இலையோ பாக்குமட்டைத் தட்டோ போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது மூடி இருக்கிறதா, சமைத்ததும் பச்சையும் ஒரே பலகையில் வெட்டப்படுகிறதா, கையில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார். உணவைக் கையாளுகிறவர்கள் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்று வைத்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் கழிவுப் பொருள்களுக்கு 25 சதவீதம்தான் எல்லை. அதைச் சொல்லும் சின்னக் கருவி சில அலுவலர்களிடம் இருக்கும். கருவி இல்லாவிட்டாலும், நுரைத்துக்கொண்டு கறுத்த எண்ணெய் யார் கண்ணுக்கும் தெரியும். பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் மடிக்கக் கூடாது, மை வயிற்றுக்குள் போகும். பிளாஸ்டிக் தாளும் கூடாது, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை.

சிக்கன் 65-க்கு கலர் போடக்கூடாதுன்றாங்க. கலர் இல்லன்னா யாரும் வாங்க மாட்டாங்களே?

இறைச்சி, மீன் வறுவல் எதற்கும் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி கிடையாது. "பாக்கெட்டில் உணவுக் கலர்னு போட்டிருக்கே" என்பார்கள். அது சில வகை இனிப்பு, ஐஸ்கிரீம் போன்றவற்றுக்கு, அதுவும் அளவோடு. கறிக்கு இல்லை. பாக்கெட் இல்லாமல் பொட்டலமாகக் கிடைக்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பஞ்சுமிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருந்ததை ஆய்வகம் கண்டுபிடித்த பிறகுதான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அதைத் தடை செய்தது. காஷ்மீரி மிளகாய்த் தூளே நல்ல சிவப்பு தரும். விலை கூடும்தான். வாங்குகிறவர்களும் ரத்தச் சிவப்பாக இருந்தால்தான் ருசி என்ற எண்ணத்தை விட வேண்டும்.

ஷவர்மா சாப்பிட்டா செத்துப்போயிடுவாங்கன்றது உண்மையா, இல்ல சும்மா கிளப்பி விடுறாங்களா?

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி என்று ஷவர்மா சாப்பிட்டபின் உயிரிழந்தது உண்மை. காசர்கோட்டில் ஷிகெல்லா என்ற பாக்டீரியா காரணம் என்று கண்டறிந்தார்கள். அதற்காக ஷவர்மா என்ற பண்டமே விஷம் என்பது சரியில்லை. அதைச் செய்கிற முறையில் கோளாறு வர நிறைய இடம் இருக்கிறது.

கம்பியில் கறியை அடுக்கடுக்காகக் குத்தி நிறுத்துகிறார்கள். அனல் படுவது வெளிப்பக்கம் மட்டும். வெந்த மேல் அடுக்கைச் சீவச் சீவ உள்ளே உள்ளது அனலுக்கு வரும். நிதானமாக விற்றால் இது சரியாக நடக்கும். எட்டரை மணிக்குக் கூட்டம் முண்டியடிக்கும்போது கத்தி ஆழமாகப் போகிறது, இளஞ்சிவப்பாக இருக்கும் கறியும் சேர்ந்து விழுகிறது. இன்னொன்று, மதியம் ஆள் இல்லாத நேரத்தில் காஸைக் குறைத்துவிட்டு அல்லது அணைத்துவிட்டு மாலையில் மறுபடி பற்றவைப்பது. அந்த இடைவெளியில் கம்பியின் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே நிற்கும். கிருமி பெருக அதைவிட வசதி வேறு கிடையாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் பெரும்பாலான கிருமிகள் வேகமாகப் பெருகும். ராத்திரி மிஞ்சிய கம்பியை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் ஏற்றுவது எல்லாவற்றிலும் மோசம்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: தீ எரிகிறதா, சீவிய துண்டை மறுபடி தட்டையான கல்லில் போட்டுப் புரட்டுகிறாரா. புரட்டுகிற கடையில் நான் சாப்பிடுவேன். புரட்டாத கடையில் என் பிள்ளைகளுக்கு வாங்கித் தர மாட்டேன்.

மயோனைஸ் தடை பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க. ஆனா எல்லாக் கடையிலும் இருக்கே?

2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குத் தமிழ்நாடு தடை செய்தது பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே செய்துவிட்டன. முட்டை இல்லாததும், பதப்படுத்தப்பட்ட முட்டையில் செய்ததும் அந்தத் தடையில் வரவில்லை. சாதாரண முட்டையின் ஓட்டிலும் சில சமயம் உள்ளேயும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வேகவைக்காமல் மிக்ஸியில் அடித்தால் அது அப்படியே வந்துவிடும். கேட்டுப் பாருங்கள், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். வெளியே வெயிலில் திறந்து வைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் இருப்பது எந்த வகையானாலும் தொடாதீர்கள்.

ஆட்டுத் தொடையில முத்திரை அடிச்சிருக்காங்களே, அது எதுக்கு?

அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்த்தார் என்பதற்கு. சென்னை மாநகராட்சிக்குப் பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை, கள்ளிக்குப்பம் ஆகிய இடங்களில் இறைச்சிக்கூடங்கள் உண்டு. ஆடு உயிரோடு நிற்கும்போது காய்ச்சல் இருக்கிறதா, நடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுத்த பிறகு ஈரல், நுரையீரல், மண்ணீரலைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரலில் தட்டைப்புழு, நுரையீரலில் நீர்க்கட்டி எல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேலும், ஒரு நாளில் 96-க்கு மேலும் பார்க்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. ஒரு ஆட்டுக்கு 5 நிமிடம் என்று கணக்கு. சனிக்கிழமை ராத்திரி அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டியது மாநகராட்சி உறுப்பினர்கள். கேட்கச் சொல்லுங்கள்.

எங்க ஊர்ல கடை வாசல்லயே கண்ணு முன்னாடி அறுக்கிறாங்க. அதைவிட ஃப்ரெஷ் என்ன வேணும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. புதிதாக இருப்பது வேறு, நோயில்லாமல் இருப்பது வேறு. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் வந்த ஆட்டைக் கண் முன்னால் அறுத்தாலும் அது அடைப்பான் வந்த ஆடுதான். அறுப்பவருக்கும் ஆபத்து, ரத்தம் கழுவி விட்ட சாக்கடை ஓரம் விளையாடும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

மேலே சொன்ன 2001 விதிகளின்படி நகராட்சி எல்லைக்குள் அங்கீகரிக்கப்பட்ட கூடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது. சினை ஆட்டை அறுக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை அறுக்கக் கூடாது. வாசலில் அறுக்கும்போது இதையெல்லாம் பார்க்க யாரும் இல்லை. கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பல ஊர்களில் கூடம் என்ற பெயரில் தண்ணீர் வராத, ஓடு பெயர்ந்த ஒரு கொட்டகைதான் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு அங்கே போய் மருத்துவருக்குக் காத்திருந்து திரும்பி வந்தால் வியாபாரம் போய்விடும் என்கிறார்கள். அது நியாயமான பேச்சு. நல்ல கூடம் கட்டித் தருவதும் மருத்துவரை நிறுத்துவதும் உள்ளாட்சியின் கடமை. அதைச் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை கத்தியைப் பறிமுதல் செய்வதை நான் நடவடிக்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோழிக்கடைக்கும் இதேதானா?

எண்ணிக்கையைப் பொறுத்தது. 2011 ஒழுங்குமுறைகளின்படி ஒரு நாளைக்கு 50 கோழி, அல்லது 10 ஆடு, அல்லது 2 மாடு வரை அறுப்பவர் பதிவு எடுத்தால் போதும். 50-க்கு மேல் 1,000 கோழி வரை மாநில உரிமம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாதாரண பிராய்லர் கடையின் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை கடை பதிவோடு நின்றுவிட்டு உரிமம் எடுக்காமல் ஓடுகிறது என்று புரியும்.

வீட்டில் ஒரு எச்சரிக்கை: கோழியைக் குழாயடியில் அலசாதீர்கள். தெறிக்கும் தண்ணீரோடு கிருமி தொட்டியெங்கும், பக்கத்தில் இருக்கும் தக்காளி மேலும் விழும். ஒரு பாத்திரத்தில் மெதுவாகக் கழுவி, கையையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும்.

காந்தி ஜெயந்திக்கு ஏன் கடையை மூடச் சொல்றாங்க? அன்னைக்குக் கறி கெட்டுப்போகுமா?

இதற்கும் சுகாதாரத்துக்கும் சம்பந்தமில்லை. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் உள்ளாட்சிகள் மூடச் சொல்லி அறிவிக்கும். ஆனால் மறுநாள் காலை வாங்கும்போது கவனம் தேவை. முந்தாநாள் மிஞ்சியது கலந்து வரலாம். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். அப்படியே குழியாக நின்றாலோ, கை வழவழத்தாலோ, எலும்பு ஓரம் பச்சை தட்டியிருந்தாலோ வேண்டாம்.

ரயில்ல வர்ற கறி எல்லாம் நாய்க்கறின்னு சொல்றாங்களே?

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து எழும்பூருக்கு வந்த ஏறக்குறைய 2 டன் கறியைப் பிடித்தபோது இந்தச் செய்தி பரவியது. வால் நீளமாக இருந்ததால் நாய் என்றார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வில் அது ஆட்டுக்கறிதான் என்று தெரிந்தது. முதல் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் இரண்டாவது செய்தி போகவில்லை. பிரியாணி விற்று வயிறு வளர்த்தவர்கள் எத்தனையோ பேர் அதில் அடிபட்டார்கள்.

கேட்க வேண்டியது வேறு: அத்தனை தூரம் அந்தக் கறி எந்தக் குளிரில் வந்தது? தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உருகி, ஒழுகிக்கொண்டு வரும் கறி ஆட்டுக்கறியாகவே இருந்தாலும் சாப்பிட லாயக்கில்லை.

பிரியாணி சாப்பிட்டு ராத்திரி முழுக்க வாந்தி பேதி. யார்கிட்ட சொல்றது?

முதலில் டாக்டரிடம். எந்தக் கடை, எத்தனை மணி, என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மலப் பரிசோதனை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பின்னால் ஆதாரம் அதுதான். மிச்சம் இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு பில், இடம், நேரம் சேர்த்து அனுப்புங்கள். வண்டிக்கடை பில் தராது, அதனால் படமும் தெருப் பெயரும் போதும்.

கலப்படமோ கெட்ட உணவோ காரணமாக உடல் பாதிக்கப்பட்டால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு இழப்பீடு சொல்கிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.

மிச்ச பிரியாணியை நானே லேபுக்குக் கொண்டு போகலாமா?

அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவு வாங்குகிறவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. ஒரு நிபந்தனை உண்டு. பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். கட்டணம் உங்களுடையது, உணவில் குற்றம் இருந்தால் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்து மறுநாள் எடுத்துப் போனால் சட்டப்படி நிற்காது. அதனால் முந்தைய பதிலில் சொன்னபடி புகார் கொடுத்து, அலுவலரையே கடையில் மாதிரி எடுக்க வைப்பதுதான் நல்லது. அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இருக்கின்றன.

என் கடையில சாம்பிள் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இனிமே ஜெயில்தானா?

பதறாதீர்கள். எடுத்த பொருளுக்கு விலை கொடுத்தாரா? கொடுக்க வேண்டும். நான்கு பங்காகப் பிரித்துச் சீல் வைத்தாரா? ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், மற்றொன்றை நீங்கள் கேட்டால் வேறொரு அங்கீகார ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். முடிவு தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு உண்டு.

தரம் குறைவு, அசுத்தம் போன்றவற்றுக்கு அபராதம்தான். அதை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். அசுத்தமான முறையில் தயாரித்ததற்கு உச்சம் 1 லட்சம். உடலுக்குக் கேடான உணவு என்று அறிக்கை வந்தால்தான் விஷயம் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும்.

தட்டு, அடுப்பு, சாதம் எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. திரும்ப வருமா?

எடுத்தது யார் என்று பாருங்கள். இடத்துக்காக மாநகராட்சி எடுத்தது என்றால் 2014 சட்டப்படி பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளை நீங்கள் கேட்ட அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். உணவு கெட்டது என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்தால் அது வேறு கணக்கு. கெட்டுப்போனது திரும்ப வராது, ஆனால் ரசீது கேளுங்கள். காரணமே இல்லாமல் தொல்லை கொடுக்கப் பறிமுதல் செய்தால் அந்த அலுவலருக்கே அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு இடம் தருகிறது.

புகார் கொடுக்கலாம்னுதான் தோணுது. ஆனா அந்த அண்ணன் பொழப்பு போயிடுமே?

பெரும்பாலும் போகாது. முதலில் வருவது திருத்திக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பு, அதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். சிறு வியாபாரிகளுக்கு நீதிமன்றம் போகாமல் ஒரு தொகை கட்டி முடித்துக்கொள்ளும் வழியும் அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவில் இருக்கிறது. உடனே மூடுவது உயிருக்கு ஆபத்து என்று தெரியும்போதுதான்.

தண்ணீர்த் தொட்டி, திறந்த பாத்திரம், கறுத்த எண்ணெய் மாதிரி விஷயம் என்றால் அவரிடமே சொல்லிப் பாருங்கள். கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம், கடை கட்டும் நேரத்தில் தனியாக. ஒரே நாளில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் யோசிக்க வேண்டாம், அன்றைக்கே மேலே சொன்ன வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த நாள் அங்கே சாப்பிட வருபவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள்.